தொண்ணூறாம் சங்கீதம் எங்கள் வீட்டுக்கு வந்த வாரம்

“உங்க ஊட்ல மட்டும் யாரும் சாவ மாட்டீங்களா?”

கேட்டது நான். கேட்ட இடம் சூப்பர்வைசர் பாக்கியநாதன் வீட்டுக் கூடம். வெள்ளிக்கிழமை சாயங்கால ஜெபக்கூட்டம். பாய் கொள்ளாமல் ஆட்கள். தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்தை அப்போதுதான் வாசித்து முடித்திருந்தார்கள். அடுப்படியிலிருந்து கேசரி வாசம் வந்துகொண்டிருந்தது. கூட்டத்தை நடத்துகிற உபதேசியார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கை அப்படியே நின்றது.

பக்கத்தில் இருந்த ரூபி என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருமே. இன்னா பேச்சு பேசற நீ?”

என் வீட்டுக்காரர் மாசிலாமணி ஆண்கள் பக்கம் சுவரோரமாக இருந்தார். தலையை முழங்காலுக்கு நடுவே புதைத்துக்கொண்டார்.

பாக்கியநாதன் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் திருப்பிக் கொடுக்க என்னிடம் நிறைய இருந்தது. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. ஆலையில் ஒரு ஷிப்டு ஆட்களையே ஒற்றை அதட்டலில் நிறுத்துகிற மனிதர், தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

எதையோ உடைத்துவிட்டேன் என்று அப்போது தெரிந்தது. எதை என்று தெரியவில்லை.

போன வாரம் இந்தப் பக்கத்தில் திருவள்ளூர் அரிசி மில்லைப் பற்றி எழுதியதற்கு வாசகர் ஒருவர், “அம்மா, உங்கள் வாய்க்கு ஒரு பூட்டுப் போடக்கூடாதா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். போட்டிருக்கலாம்தான். இந்த வாரம் படித்தால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கதவில் எழுதிய எண்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்பு ஆலைகள் ஒவ்வொன்றாக எழும்பத் தொடங்கிய காலம். என் வீட்டுக்காரருக்கு ஒரு ரோலிங் மில்லில் வேலை கிடைத்தது. பழுக்கக் காய்ந்த கம்பி உருளையிலிருந்து பாம்பு மாதிரி வெளியே வரும். அதை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் திருப்பிவிட வேண்டும். அதுதான் வேலை. சட்டையெல்லாம் பொட்டுப் பொட்டாகப் பொத்தலாகிவிடும்.

குடியிருந்தது கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு லைன் வீடுகளில். ஒரு வரிசையில் எங்கள் சபைக்காரர்கள் பத்துக் குடும்பம் போல இருந்தோம். கோயில் தூரம். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் ஜெபம்.

எங்கள் வேதத்தில் சங்கீதம் என்று ஒரு பகுதி இருக்கிறது. நூற்றைம்பது பாட்டு. பாட்டு என்றால் கச்சேரிப் பாட்டு இல்லை. கடவுளிடம் அழுவது, சண்டை போடுவது, நன்றி சொல்வது, எதிரியின் பல்லை உடைக்கச் சொல்வது, எல்லாம் அதில் உண்டு. எனக்குப் பல்லை உடைக்கிறவைதான் பிடிக்கும்.

உபதேசியார் ஒரு ஏற்பாடு செய்தார். ஒன்றிலிருந்து வரிசையாக வாரம் ஒரு சங்கீதம். எந்த வீட்டில் வாசிக்கிறோமோ, அந்த வீட்டுக்காரர்கள் வாரம் முழுக்க அதையே தியானிக்க வேண்டும்.

“மாடு தின்னுட்டு போயி நெழல்ல உக்காந்து அசை போடுது இல்ல? அந்த மாரி மெல்லணும். முழுங்கிட்டு எழுந்து போவக்கூடாது” என்பார்.

ஜெபம் முடிந்ததும் அந்த எண்ணைச் சாக்பீஸால் வாசற்கதவில் எழுதிவிடுவார். மறுபடி அந்த வீட்டுக்கு முறை வரும்வரை அது இருக்கும். நாளடைவில் அதுவே வீட்டு நம்பர் மாதிரி ஆகிவிட்டது. “இருபத்தி மூணாம் நம்பர் ஊட்ல மாவு கடன் வாங்கியா” என்றுதான் பிள்ளைகளை ஏவுவோம். மேய்ப்பனைப் பற்றிய அந்தச் சங்கீதம் கிடைத்த வீட்டுக்காரி, முறை மாறின பிறகும் எண்ணை அழிக்க விடாமல் மேலேயே புது எண்ணை எழுதச் சொன்னாள்.

எண்பது தாண்டியதும் பெண்கள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தோம். தொண்ணூறு யார் வீட்டுக்கு?

தொண்ணூறு எங்களுக்குச் சாவுச் சங்கீதம். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது வாசிப்பது. காலையில் முளைத்து சாயங்காலம் வாடிப்போகிற புல்லைப் போன்றவன் மனுஷன், எங்கள் நாட்களை எண்ணக் கற்றுக்கொடும் என்று வரும். அதன் அடுத்ததோ, எந்தக் கொள்ளைநோயும் உன் வீட்டை நெருங்காது என்று வாக்குக் கொடுக்கிற சங்கீதம். தாயத்து மாதிரி அதை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. தொண்ணூறு யாருக்கும் வேண்டாம். தொண்ணூற்றொன்று எல்லாருக்கும் வேண்டும். நாள் முழுக்க நித்தியத்தைப் பற்றிப் பாடுகிறவர்கள் நாங்கள். அந்த நித்தியம் நம்பர் போட்டு வாசலுக்கு வருகிறது என்றதும் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம், ஊரிலிருந்து ஒரம்பரை சனம் வருகிறது என்று சாக்குத் தேடினோம்.

கணக்குப் பார்த்தால் தொண்ணூறு சூப்பர்வைசர் வீட்டுக்கு. தொண்ணூற்றொன்று எங்களுக்கு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

மூடி வைத்த விஷயம்

எனக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயிருந்தன. இரண்டு தடவையும் தெரிந்த உடனே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். கடம்பத்தூரிலிருந்து என் நைனா ரயிலேறி முறுக்கும் பொரிவிளங்காயும் கொண்டுவந்தார். பிறகு எல்லாரும் வந்து துக்கம் விசாரித்தார்கள். ஒருத்தி, “கம்பி அடிக்கிற சத்தம் கேட்டுக்கினே இருந்தா எப்டி தங்கும்?” என்று என் வீட்டுக்குள் உட்கார்ந்தே சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது. உடம்புக்கு ஒரு வேலை கொடுத்தால் அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவள் என்று என்னைப் பார்க்கிற மாதிரி.

அதனால் மூன்றாவது தடவை யாரிடமும் சொல்லக்கூடாது என்று வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கினேன்.

“உங்க நைனாவுக்கு கூடவா?”

“எங்க நைனாவுக்கும் இல்ல, உன் ஆலைக்கும் இல்ல. வாய தொறந்த, நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

வாயைத் திறக்கவில்லை. அவர் எப்போதும் திறக்காதவர்தான்.

அந்த நேரத்தில் எனக்குத் தொண்ணூற்றொன்று வருகிறது. அந்த எண் கதவில் இருந்தால் என் பிள்ளை நிற்கும் என்று நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டுச் சிரியுங்கள்.

வியாழக்கிழமை வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றாமலே நின்றார்.

“நாளைக்கி கூட்டம் நம்ம ஊட்ல.”

“நாளைக்கி சூப்பர்வைசர் ஊட்லதானே?”

“மாத்திக்கலாம்னு கேட்டாரு. அவரு ஊட்ல அடுத்த வாரம்.”

எனக்குக் கணக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கையிலிருந்த கரண்டியை வீசினேன். சுவரில் பட்டது. அவர் மேல்தான் குறி.

“தொண்ணூறு எனக்கு, அதுக்கு அடுத்தது அவருக்கா? நீ இன்னா சொன்ன?”

“சரின்னேன்.”

“என் வயித்துல இன்னா இருக்குதுன்னு தெரிஞ்சும் சரின்னியா? வாயில்லா பூச்சி! சூப்பர்வைசர்னா பொண்டாட்டியையும் தூக்கி குடுத்துடுவியா?”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. கரண்டியைப் பொறுக்கிக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

கறுக்கிற கம்பி

வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். வாசித்தார்கள். நான் கொடுத்த சுக்குக் காபியைக் குடித்துவிட்டுச் சீக்கிரம் எழுந்துபோனார்கள். உபதேசியார் கதவில் எண்ணை எழுதும்போது என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் குழாயடியில் நான் குடத்தோடு போனால் பேச்சு நிற்கும். எதற்கென்று எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரிந்தது. என் வீட்டைச் சாவு வீடு என்று ஒதுக்குகிறார்கள்.

நான் எண்ணை அழித்தேன். வேலைக்குப் போகுமுன் அவர் மறுபடி எழுதினார். மறுபடி அழித்தேன். மறுபடி எழுதினார். எதற்கும் பிடிவாதம் பிடிக்காத மனுஷன் இதற்குப் பிடித்தார்.

அது மட்டுமா? காலையும் மாலையும் அதை உட்கார்ந்து வாசித்தார். அஞ்சாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டி, விரல் வைத்து, ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை. அடுப்படியில் நின்று பாத்திரத்தை உருட்டிச் சத்தம் போட்டேன். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் காதில் விழுந்தது. மலைகள் பிறக்கும் முன்னாலேயே நீர் இருந்தீர். ஆயிரம் வருஷம் உமக்கு நேற்றுக் கழிந்த ஒரு நாள். எங்களுக்கு வீடு நீர்தான்.

வாடகை வீட்டில், பெயர்ந்துபோன தரையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறாரே என்று எனக்கு எரிந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: “கம்பி வெளிய வரச்சொல்ல செக்கச்செவேல்னு கீது. தரைல வுழுந்து நாலு எட்டு ஓடறதுக்குள்ள கறுத்துடுது. அவ்ளோதான் நாம. இத தெரிஞ்சிக்கினா பயம் கொறையுது, லீதியா.”

“உன் கம்பி கறுக்கட்டும். எனக்கு ஒரு புள்ள வேணும்.”

“எனக்கு வேணாவா?”

இப்போது அந்தக் கேள்வியை நினைத்தால் உடம்பு கூசுகிறது. எங்கள் இரண்டு பிள்ளைகளையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனது அவர். நான் அப்போது பாயில் கிடந்தேன். அந்த இரண்டு தடவையும் அவருக்கு எப்படி இருந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

மறுபடி அந்தக் கூடம்

இப்படித்தான் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. நான் போகாமல் இருந்திருக்கலாம். சண்டை போடவேண்டும் என்றேதான் போனேன். சந்தோஷமாகத் தொண்ணூற்றொன்றை வாசித்து, என் பிள்ளைக்கு வரவேண்டிய வாக்கை வாங்கி அவர்கள் கதவில் எழுதிக்கொள்வதை வேடிக்கை பார்க்க என்னால் முடியவில்லை. எழுந்து கேட்டுவிட்டேன்.

அதோடு நிறுத்தவுமில்லை.

“எங்க ஊட்ல புள்ள தங்கணும்னு நான் எண்ணிக்கினு இருந்த வாரம் அது. அத புடுங்கிக்கினு சாவ எங்க வாசல்ல எழுதிட்டு போயிட்டீங்க. பெரிய உத்தியோகம்னா சாவு கூட ஆள் மாத்தி உட்டுடுமா?”

பாக்கியநாதன் துண்டுக்குள்ளிருந்தே கேட்டார். “புள்ளயா? மாசி, நீ சொல்லவே இல்லியே.”

வீட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. “சொல்லக்கூடாதுன்னு சொல்லி இருந்துச்சு சார்.”

ரூபி என் காதில் சொன்னாள்: “உனக்கு நெஜமாவே தெரியாதா? கிருபை அக்காவுக்கு வந்துருக்கறது அல்சர் இல்லமே. ஆஸ்பத்திரில கைய விரிச்சிட்டாங்க. அக்காவுக்கு தெரியக்கூடாதுன்னு யாரும் வாய தொறக்கறதில்ல. உன் வாய்க்கு பயந்து உன் எதிர்ல சுத்தமா பேசறதில்ல. உன் ஊட்டுக்காரருகிட்டதான் சார் மொதல்ல சொல்லி அழுதாரு.”

கிருபை அக்கா சூப்பர்வைசரின் மனைவி. வயிற்றுப்புண் என்று படுத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரியும். கூடத்துக்கு அடுத்த அறையில், கதவு ஒருக்களித்திருக்க, அந்த நேரமும் படுத்திருந்தார்கள்.

மாசமாக இருக்கிறவளிடம் சாவுச் சேதி சொல்லக்கூடாது என்று என் வீட்டுக்காரர் என்னிடம் மறைத்தார். மாசமாக இருப்பதைச் சொல்லக்கூடாது என்று நான் கட்டிப்போட்டதால் அதைப் பாக்கியநாதனிடமும் மறைத்தார். இரண்டு வீட்டு ரகசியத்தையும் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் சொல்ல முடிந்த ஒரே வார்த்தை “சரி”. அதற்குத்தான் கரண்டி வீசினேன்.

நான் உட்காரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. நின்றேன். அந்த மாதிரி நிற்பது என்ன என்று நின்றவர்களுக்குத் தெரியும்.

அப்போது உள்ளிருந்து குரல் வந்தது.

“யாரு, லீதியாளா? உள்ள வரச்சொல்லுங்க.”

உள் அறை

டிஞ்சர் வாசமும் எலுமிச்சம்பழ வாசமும் கலந்த அறை. கிருபை அக்கா பாதி ஆளாகியிருந்தார்கள். கால்மாட்டில் நின்று “மன்னிச்சிடுக்கா” என்றேன்.

“கதவ சாத்து. இன்னா மாசம்?”

“மூணு.”

“உக்காரு. நின்னுக்கினே இருக்காத. எவ்ளோ நாளாச்சு தெரியுமா, இந்த ஊட்ல ஒருத்தர் சாவுன்னு சொல்லி? தேங்கா எண்ண தீந்துபோச்சுன்னு கூட சொல்றதில்ல. தீந்துதுன்ற வார்த்தையே என் எதிர்ல வரக்கூடாதாம்.” சிரித்தார்கள். சிரித்தது வலித்தது போல. “எனக்கு தெரியாதா? என் உடம்புல நான்தானேமே குடி இருக்கறேன்.”

நான் அழுதேன்.

“அழுவறத அப்புறம் வெச்சிக்க. உங்க ஊட்டு சங்கீதத்த படி.”

“வேணாங்க்கா.”

“எனக்கு குடுக்க வேண்டியத உனக்கு குடுத்துட்டாங்க. கொண்டாந்து குடுத்துட்டு போ.”

வாசித்தேன். ஒரு கையால் புத்தகத்தையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு வாசித்தேன். புல் வாடுகிற இடம் வந்ததும் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன்.

“ஒண்ண முழுங்கிட்டியே” என்றார்கள் அக்கா, கண்ணை மூடியபடியே.

திரும்பிப் போய் அதையும் வாசித்தேன்.

முடிந்ததும் கண்ணைத் திறந்தார்கள். பிறகு சொன்னார்கள்: “அவரு தொண்ணூத்தி ஒண்ண படிச்சி படிச்சி என் தலைமாட்டுல வெக்கறாரு. நல்ல சங்கீதந்தான். ஆனா அதுல எனக்கு ஒரு வேலையும் இல்ல. படுத்துக்கினு காத்துக்கினு இருக்கறதுதான். இது ‘நாள எண்ணு’ன்னுது. எண்ணிட்டேன். எண்ணினா ஒரு வேல பாக்கி இருக்குது.”

அந்த வேலை அவர்கள் மகள் ஹெலன். மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ஒன்றுமில்லை, பரீட்சையைப் பார் என்று அவளுக்கும் சொல்லி வைத்திருந்தார்கள்.

“ஒரு தபா அவள பாக்கணும். பேச்சு இருக்கச் சொல்லவே பாக்கணும். அவரு கேக்க மாட்டேன்றாரு. அவள வரவழிச்சா நான் செத்துடுவேன்னு ஒத்துக்கின மாரி ஆயிடுமாம். அப்ப வாக்கு பலிக்காதாம். தந்தி போயிதான் அவ வரணுமா, சொல்லு.”

ரயிலில்

வீட்டுக்கு நடக்கும்போது எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். “நாளைக்கி மொத வண்டிக்கி போலாம். என்ன நம்பி ஹாஸ்டல்ல பொண்ண அனுப்ப மாட்டாங்க, நீயும் வா” என்றார்.

“சூப்பர்வைசர்?”

“கேட்டா வேணான்னுவாரு. கேக்காம போவலாம்.”

“வேலைய உட்டு தூக்கிடுவாரு.”

“தூக்கட்டும்.”

இவரைத்தான் நான் வாயில்லாப் பூச்சி என்றேன்.

ஹாஸ்டலில் கிருபை அக்காவின் தங்கச்சி என்று பொய் சொன்னேன். அனுப்பினார்கள். திரும்பி வரும் ரயிலில் ஹெலன் ஜன்னலோரம், எதிரே நாங்கள். பதினாறு பதினேழு வயதுப் பெண். ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை. மடியில் கணக்குப் புத்தகம். பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் கேட்டாள்.

“அத்தை, அம்மாவுக்கு இன்னா?”

ஊரே கூடியிருந்த கூடத்தில் எழுந்து நின்று சாவைப் பற்றிக் கத்தினவள் நான். இப்போது கேட்கவேண்டியவளே கேட்கிறாள். “ஒண்ணுமில்லம்மா” என்று ஆரம்பித்தேன்.

வீட்டுக்காரர் குறுக்கே பேசினார். என் பேச்சில் அவர் குறுக்கிட்டது அதுதான் முதல் தடவை.

“அம்மா ரொம்ப நாளு இருக்க மாட்டாங்க, பாப்பா. உன்ன பாக்கணும்னு கேட்டாங்க. நல்லா பேசறாங்க. போயி பேசு. இஸ்டத்துக்கு அழுவு. இங்கியே அழுதாலும் பரவால்ல.”

அவள் புத்தகத்தில் முகத்தை வைத்து அழுதாள். அவர் எழுந்து, பெட்டியில் இருந்தவர்கள் பார்க்காதபடி அவளுக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்டேஷன்கள் போயின. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாக்கியநாதன் வாசலில் நின்றிருந்தார். மகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

“யாரு கூட்டியாரச் சொன்னது?”

“அக்கா கேட்டாங்க சார்” என்றார் இவர்.

“அவ்ளோதானா? உங்களுக்கெல்லாம் நம்பிக்கை போயிடுச்சா?”

“நம்பிக்கை இருக்குது சார். நாள்தான் இல்ல.”

பாக்கியநாதன் கையை ஓங்கினார். ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைக்குக் கீழே குனிந்து ஹெலன் உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இரண்டு பேர் அழுவது கேட்டது. அப்புறம், நம்புங்கள், சிரிப்பது கேட்டது. அவர் நிலைக்காலை விடவே இல்லை.

கேட்கப் போகிறவர்களுக்கு

கிருபை அக்கா மழைக்காலம் வரை இருந்தார்கள். ஹெலன் கூடவே இருந்தாள். பரீட்சையை அடுத்த வருஷம் எழுதினாள். வீட்டுக்காரரின் வேலை போகவில்லை.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. உயிரோடு, ஊரைக் கூட்டுகிற குரலோடு. அவளுக்கு இப்போது என்னைவிட வாய் நீளம். தொண்ணூறு என் பிள்ளையைக் காப்பாற்றியது, தொண்ணூற்றொன்று அக்காவைக் கைவிட்டது என்று யாரும் எனக்குக் கடிதம் போடாதீர்கள். அப்படிக் கணக்குப் போட்டுத்தான் நாங்கள் எல்லாரும் கெட்டோம். சங்கீதம் ரேஷன் சர்க்கரை இல்லை, இந்த வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்க. எல்லா வீட்டுக்கும் இரண்டும் உண்டு.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு லைன் முழுக்க என் பெயர் மாறிவிட்டது. “உண்மைய சொல்றதுக்கு லீதியா மாரி தைரியம் வேணும்” என்றார்கள். உபதேசியார் பிரசங்கத்தில்கூடச் சொன்னார், தேவன் ஒரு பெண்ணின் வாயைத் திறந்தார் என்று. தேவன் திறக்கவில்லை. வயிற்றெரிச்சல் திறந்தது. நான் எழுந்தது ஒரு மனுஷனை ஊர் நடுவில் நாறடிக்க. அதற்குப் போய் என்னைப் புகழ்ந்தார்கள். நான் மறுக்கவில்லை. ஆலையிலிருந்து வந்து அமைதியாகக் கால் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடக்கத்துக்கு மறுநாள்

நிறைமாதக்காரி சாவுக்குப் போகக்கூடாது என்று அக்காவின் அடக்கத்துக்கு என்னை விடவில்லை. லைன் காலியாகிவிட்டது. நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் பாடுவது காற்றில் விட்டு விட்டுக் கேட்டது.

மறுநாள் மத்தியானம் பாக்கியநாதன் வந்தார். வாசலுக்கு வெளியே, சாரலில் நின்றார். கிட்டே வரவில்லை.

“அன்னிக்கி நீ கேட்டியே, லீதியா. அதுக்கு சொல்லிட்டு போலாம்னு வந்தேன். அவ பொண்ணுகிட்ட எல்லாம் பேசிட்டா. என்கிட்டயும் பேசிட்டா. பாக்கி ஒண்ணும் வெக்கல. நீ கேக்கலன்னா நான் அவள பேசவே உட்டுருக்க மாட்டேன்.”

இந்தப் புகழையும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவர் கைகூப்பினதும் என்னால் முடியவில்லை.

“அண்ணா, கை எடுக்காதீங்க. நான் உங்க நல்லதுக்கு கேக்கல. உங்க மானத்த வாங்கணும்னு கேட்டேன். அக்கா அப்டி இருக்காங்கன்னே தெரியாது எனக்கு.”

“தெரியும்மா.”

“இன்னா தெரியும்?”

“அப்பவே தெரியும். நீ நின்ன நிலைய பாத்தாலே தெரியாதா? கிருபைக்கும் தெரியும். ‘பாவம், ஆத்திரத்துலதான் கேட்டா. ஆனா கேட்டுட்டா’ன்னு சொல்லி சிரிச்சா.”

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தெரிந்தேதான் அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார்கள். தெரிந்தேதான் என்னை உட்காரச் சொல்லி மாசம் விசாரித்தார்கள். நான் என்னவோ எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அவர் திரும்பிப் போக அடி எடுத்துவைத்தார். நனைந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது.

“சாப்டீங்களாண்ணா?”

“ஆவட்டும். அப்புறம்.”

“உள்ள வாங்க. சோறு கீது.”

ரூபி பக்கத்து வாசலிலிருந்து பதறினாள். “ஏய் லீதியா, இன்னா பண்ற? நேத்து பொதச்சிட்டு வந்துருக்காரு. உனக்கு நாள் நெருங்கிப் போச்சுமே. வெளிய குடுத்து அனுப்பு.”

அவரும் தயங்கினார். “அது சொல்றது சரிதாம்மா. நான் வரல.”

“வாங்கண்ணா” என்றேன்.

குனிந்து உள்ளே வந்தார். தட்டு வைத்தேன். நாலு வாய் சாப்பிட்டவர் ஐந்தாவது வாயில் நிறுத்தி, சோற்றைப் பார்த்தபடியே அழுதார். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். எனக்கும் பயம்தான். உள்ளே பிள்ளை ஒரு உதை விட்டது. பயத்தையும் வெட்கத்தையும் வைத்துக்கொண்டே குனிந்து, இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.